யாரும் மிதிக்காத கிளட்ச்

எங்கள் பனியன் கம்பெனி வேனில் முன்சீட்டு எனக்கு. பேக்கிங் செக்ஷனில் மூத்தவள் என்ற மரியாதை அது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்த சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின் இருக்கிறது. சூட்டுக்குப் பயந்து வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். அதனால் ரப்பர் தீயும் வாடையை முதலில் பிடித்ததும் என் மூக்குதான்.

வேனை ஓட்டுபவள் சித்ரகலா. முன்பு செக்கிங் டேபிளில் பல வருஷம் நின்றவள், பனியனில் ஓட்டை தேடித் தேடிக் கழுத்து வலி கண்டவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தாள். ஊருக்குப் போன பழைய டிரைவர் திரும்பவே இல்லை. ஓனர் லிங்கசாமி வேறு வழியில்லாமல் சாவியை இவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் முகமே மாறிவிட்டது. பெருமாநல்லூரைச் சுற்றி ஊர் ஊராகப் போய் எங்களை ஏற்றிக்கொண்டு, குழி பார்த்து, பதனமாக ஓட்டுவாள். டேபிளில் நின்ற காலத்தில் வாயே திறக்காதவள், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பாட்டே பாடுவாள். சுருதி சேராது. இருந்தாலும் எனக்குக் கேட்கப் பிடிக்கும்.

வாடை வந்ததும் பாட்டு நின்றது. ஓனர் வண்டியை மெக்கானிக் மோகன்ராஜிடம் காட்டச் சொன்னார். துணைக்கு நானும் போயிருந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய ஆருங்க ஓட்டறது?"

"நாந்தாங்க" என்றாள் சித்ரகலா.

அவ்வளவுதான். சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை அவன். "கிளட்ச்ல கால வெச்சுக்கிட்டே ஓட்டறீங்க. பிளேட்டு தீயுது. லேடீஸ் ஓட்டுனா இப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே கிடந்த ஸ்பானரை எடுத்து ஒன்று வைத்திருப்பேன். அவன் பொண்டாட்டி எனக்குத் தெரிந்தவள், தப்பித்தான்.

ஓனருக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை பிளேட் மாற்றிவிடலாம், புதிதாக ஒரு டிரைவர் பையன் வருவான், சித்ரகலா பழையபடி செக்கிங்குக்கே போகட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஐயோ பாவம் என்கிற குரலில்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது.

அந்த வாரம் முழுக்க அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினாள். கியர் மாற்றியதும் இடது காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். அப்படியும் வாடை போகவில்லை. "என் காலு எனக்குத் தெரியாமயே மிதிக்குதுங்களாக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். கிறுக்குப் புள்ள என்று திட்டினேன். வேறென்ன சொல்ல? வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.

சனிக்கிழமை காலை, கம்பெனிக்குக் கிட்டத்தில் ஒரு கன்டெய்னர் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்ப முடியாமல் நின்றது. சித்ரகலா வேனை நியூட்ரலில் போட்டு, காலைத் தூக்கி சீட்டின் மேலேயே மடக்கி வைத்துக்கொண்டாள். எஞ்சின் ஓடியபடி இருந்தது. சற்று நேரத்தில் குப்பென்று வாடை. நான் மூக்கைப் பொத்தினேன். அவள் மடக்கி வைத்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ டைமுக்குள் வண்டி ஆறி, வாடையும் போயிருந்தது. சித்ரகலா ஆபீசுக்குப் போய் ஓனரைக் கையோடு கூட்டிவந்தாள். "ஐயா, வண்டி சித்த நேரம் நின்ன எடத்துலயே ஓடட்டுங்க. ஆரும் உள்ள உக்கார வேண்டாங்க" என்றாள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

நாங்கள் டீ டம்ளரோடு சுற்றி நின்றோம். ஒரு நாற்றம் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று மாகாளியம்மனை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒன்றும் வரவில்லை. ஓனர் வாட்சைப் பார்த்தார். சித்ரகலா முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தபோது, வேன் ஜன்னலோரம் நின்ற டைலர் கோமளா மெதுவாகச் சொன்னாள், "வருதுங்க."

ஓனர் திரும்பி வந்து வண்டிக்குள் தலையை விட்டார். மோந்து பார்த்தார். காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டைப் பார்த்தார். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்சீட்டை அவரே தூக்கினார்.

சைலன்சர் குழாயின் மேல் கருகி உருகி ஒட்டிக் கிடந்தது ஒரு நாடா. தீயாத நுனியில் ரோஸ் கலர் தெரிந்தது. ஜட்டியின் இடுப்பில் தைக்கிற எலாஸ்டிக். எங்கள் ஊரில் எது ஆடினாலும் வேஸ்ட் எலாஸ்டிக்கை எடுத்துத்தான் கட்டுவோம். டிபன் கேரியர், வீட்டு கேட், ஆட்டுக்குட்டி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. இங்கே அதை வைத்து ஒரு ஒயரைக் கட்டியிருந்தார்கள். சூட்டில் இளகித் தொங்கி, எஞ்சின் காயும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்ந்திருக்கிறது.

"நாந்தாங்கய்யா கட்டுனேன். ஒயரு தொங்குச்சுங்க, அதான். அப்பறம் மறந்தே போச்சுங்க" என்றாள் சித்ரகலா. தன் தப்பை அத்தனை சந்தோஷமாக ஒப்புக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

குழாய் ஆறியதும் ஒட்டியிருந்ததை அவளே சுரண்டி எடுத்தாள். கம்பெனி எலக்ட்ரீஷியன் ஒயரைக் குழாய்க்கு எட்டத்தில் இழுத்து, இரும்பு கிளிப் போட்டு இறுக்கினார். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம். வண்டிப் புகை வாடை தவிர ஒன்றுமில்லை.

"அந்தப் பையன வர வேண்டாம்னு சொல்லிடறேன். நீயே ஓட்டு அம்மிணி" என்றார் ஓனர்.

அவள் நன்றி சொல்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "ஏனுங்கய்யா, அந்தப் பையன் ஓட்டி வாடை வந்திருந்தா, அவன் காலக் குத்தஞ் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

லிங்கசாமி நல்ல மனுஷன்தான். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இல்ல அம்மிணி. சீட்டத் தூக்கிப் பாக்கச் சொல்லியிருப்பேன்."

டேபிளுக்குப் போ என்று சொன்னபோதுகூட அழாதவள் சித்ரகலா. அப்போது அழுதாள்.