தரைத்தளத்தோடு நின்ற கணக்கு

அக்காளைக் கட்டியவர் பென்சில்காரர். தங்கையைக் கட்டியவன் கம்ப்யூட்டர்காரன். சகலைகள் இருவருக்கும் ஒரே ஆபீஸ், கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு வரைபடம் தருகிற இடம், அடுத்தடுத்த மேசை. வினைக்கு வேறென்ன வேண்டும்?

காற்று பக்கவாட்டில் தள்ளினால் எந்தத் தூண் எவ்வளவு தாங்க வேண்டும் என்று பென்சில்காரர் கால்மணி நேரத்தில் தோராயமாகச் சொல்லிவிடுவார். ஓரத்துத் தூணுக்கு ஒரு பங்கு, உள்தூணுக்கு இரண்டு பங்கு. தூண் வளைகிறபோது நட்டநடுவில் வளைவு திசை மாறும். அங்கே கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீல் இருப்பதாக வைத்துக்கொள்வார். இருபத்தாறு வருஷம் இதிலேயே பேர் வாங்கிய மனிதர். சின்னவன் வந்து பொத்தானைத் தட்டினான், பேர் அந்த மேசைக்கு நகர்ந்துவிட்டது.

அந்த வருஷம் பெரிய இன்ஜினியர் ஓய்வு பெறப்போகிறார். அவருடைய கண்ணாடி அறை யாருக்கு?

"ஏங்க, அந்த ரூம் தங்கச்சி வீட்டுக்காரருக்குத்தானாமே?" என்றாள் மனைவி, தட்டை வைத்துக்கொண்டே.

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா."

"ரூமுக்குத் திரைச்சீலை தச்சாச்சான்னும் கேட்டுக்கோ!" என்றார். 

அந்த வாரம் நாலு மாடிப் பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. கணக்கு சின்னவனுடையது. "நீங்களும் ஒரு தடவ தோராயமா பாத்துடுங்க" என்றார் பெரிய இன்ஜினியர். பென்சில்காரர் தரைத்தளத்தில் ஆரம்பித்தார். தூணின் தலையில் வருகிற வளைவு, சகலையின் காகிதத்தில் இவருடையதைப் போல இரண்டு மடங்கு! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேல்மாடிக்கு ஏறக்கூடப் பொறுமையில்லை; நோட்டை மூடிவிட்டார்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்தார். "தம்பியோட மெஷின் ரெண்டு மடங்கு காட்டுது. இப்படிக் கட்டினா கம்பி வாங்கியே மாளாது!"

பெரிய இன்ஜினியர் நோட்டை வாங்கினார். "மேல்மாடிக்குப் போட்டீங்களா?"

"இல்லீங்க. கீழயே தப்புன்னு தெரிஞ்சப்புறம்..."

பெரிய இன்ஜினியரே அங்கேயே பென்சில் கணக்கைத் தொடர்ந்து போட்டார். மேல்மாடியில் அதுவும் சின்னவன் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

"அண்ணே," என்றான் சின்னவன் மெல்ல, "இங்க மண்ணு இளசு. அடித்தளம் தூணை இறுக்கிப் பிடிக்காதுன்னு படத்துல குறிச்சிருக்கேன். கீல் தூணோட காலுக்கே வந்துடுச்சு."

கீல் காலுக்கு இறங்கினால் தூணின் முழு உயரத்து வளைவும் தலையில்தான் விழும். இரண்டு மடங்குதான் சரி. பென்சில்காரர் படத்தைப் பிரிக்காமல் கணக்குத் தாளிலிருந்து அளவுகளை மட்டும் எடுத்திருந்தார். பழகின கை, பாதி உயரத்தில் கீலை வைத்துவிட்டது.

வெளியே வந்ததும் சின்னவன் தோளைத் தொட்டான். "விடுங்கண்ணே, யாரும் பெருசா எடுத்துக்கல." திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

கண்ணாடி அறை சின்னவனுக்குப் போனது. அவன் போட்ட முதல் உத்தரவு, தன் கணக்குகளையெல்லாம் அண்ணன்தான் சரிபார்க்க வேண்டும் என்பது. பென்சில்காரரும் பார்க்கிறார். முதலில் மண்ணைப் பற்றிக் கேட்கிறார், அடித்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை ஒரு தூண் விடுவதில்லை. ஆறு வருஷமாகிறது. ஒரு தப்பாவது அகப்பட வேண்டுமே!