சித்தூர் அலுவலகத்தில் ஒரு விண்மீனை இழந்தேன்

ஆந்திர அரசு தனியே பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். எந்த ஊர் எந்த அரசுக்கு உரியது என்னும் எல்லைத் தகராறு அப்போது தீர்ந்தபாடில்லை. வைகாசி மாதத்து நண்பகல் ஒன்றில், சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தின் நடைகூடத்தில், ஏறத்தாழ நாற்பது பேர் பார்த்திருக்க, ஓர் எழுத்தரை நோக்கி "வஞ்சகன்" என்று கூவினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்று எண்பதைக் கடந்துவிட்டேன். அன்று மூண்ட சினம் இன்னும் ஆறவில்லை. அது யார்மீது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

நகரிக்கு அருகில் உள்ள தமிழ் உழவர் குடும்பத்தில் பிறந்த நான், திருப்பதியில் தங்கி இயற்பியலில் முதுகலை முடித்திருந்தேன். என் பேராசிரியர் தெலுங்கர். பெரும் எடை கொண்ட விண்மீன்கள் எவ்வாறு வெடித்து மடிகின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. எரிபொருள் தீர்ந்தபின் அத்தகைய விண்மீனின் நடுப்பகுதி தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் உள்நோக்கி இடிந்து விழும். புறப்பகுதி வெளியே சிதறும். சில வாரங்கள் கோடிக்கணக்கான கதிரவன்களுக்கு இணையாக அது ஒளிரும். ஆங்கிலத்தில் சூப்பர்நோவா என்பர்.

அவ்வாறு வெடித்த ஒரு விண்மீனின் ஒளிப்படத் தகடுகள், வேறோர் ஊரின் வானாய்வுக்கூடத்திலிருந்து இரவலாக வந்திருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் அதன் ஒளியை அளக்கும் பணியை அவர் என்னிடம் ஒப்படைத்தார். பகல் வெளிச்சத்தில் சாளரத்தருகே அமர்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, பக்கத்தில் உள்ள ஒளி அறிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். முந்தைய மதிப்பைத் தாளால் மறைத்துவிட்டே அடுத்ததை எழுத வேண்டும் என்பது அவர் விதித்த விதி.

நாள்தோறும் மங்கிக்கொண்டே செல்ல வேண்டிய ஒளி, என் அளவையில் இரண்டு திங்கள் அளவும் ஏறாமலும் இறங்காமலும் ஒரே நிலையில் நின்றது. பின்னர்த் திடீரெனச் சரிந்தது. பிழை செய்துவிட்டேன் என்று அஞ்சித் தகடுகளைக் கலைத்துப் போட்டு மீண்டும் அளந்தேன். அதே முடிவுதான் வந்தது. பேராசிரியர் இருமுறை அறைக்குள் நடந்துவிட்டு, வெடித்த விண்மீனைச் சுற்றியிருந்த, ஹைட்ரஜன் என்னும் நீரகத்தாலான போர்வை மிகத் தடித்திருக்க வேண்டும், ஒளி நின்ற நாள்களைக்கொண்டு அதன் எடையையே கணித்துவிடலாம் என்றார். இதனை நீயே மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று சொல்லி, அரசு தரும் ஒரே ஓர் ஆராய்ச்சி இடத்துக்கு என் பெயரைப் பரிந்துரைத்தார்.

ஒன்றுதான் குறை. நான் ஆந்திர அரசின் எல்லைக்குள் வாழ்பவன் என்னும் இருப்பிடச் சான்று வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது கல்லூரியில் இல்லையேல் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு.

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு மூன்று முறை சென்றேன். அந்த எழுத்தர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பாராமலே, ஊருக்குப் போய் விசாரித்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். அவர் தெலுங்கர். நான் தமிழன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? மூன்றாம் முறை சென்றது அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முந்தைய செவ்வாய்க்கிழமை. பொறுமை இழந்தேன். தமிழன் வாழ்வில் மண் போடுவதற்கென்றே அரசு ஊதியம் பெறும் வஞ்சகன் என்று உரத்த குரலில் முழங்கினேன். சான்றுக்காகக் காத்திருந்த எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் கைதட்டினர். எனக்குப் பெருமிதமாயிருந்தது.

எழுத்தர் எழவில்லை, சினக்கவும் இல்லை. ஒரு கோப்புக்கட்டை அவிழ்த்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இந்தா, நீயே படிப்பா. இது உன் கையெழுத்துதானே? இதோட போனா உன் மனு தள்ளிப்பூடும்னு, அத மேல அனுப்பாம பதினஞ்சு நாளா வெச்சிக்கினு இருக்கறேன், உங்க ஊர்லேர்ந்து வேற லெட்டர் எதனா வரும்னு."

அது எங்கள் ஊரார் தந்த விண்ணப்பம். எங்கள் ஊர் சென்னை அரசோடு சேர வேண்டும் என்று கேட்பது. அதன் இறுதி வரி இது: "எம்மூரார் எவரும் ஆந்திர அரசின் குடிகள் அல்லர்; அவ்வாறு எவருக்கும் எச்சான்றும் வழங்கப்படுதல் கூடாது." பொங்கல் விடுமுறையில் ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து அந்த வரியை இயற்றியவன் நானே. "வழங்கலாகாது" என்பதா, "வழங்கப்படுதல் கூடாது" என்பதா என்று அரை மணி நேரம் ஓசை பார்த்து எழுதினேன். சென்னையோடு சேரக் கோரிய எங்கள் ஊர்க் குழுவின் தலைவரான என் பெரியப்பாவின் கையெழுத்துக்கு அடுத்ததாக என் கையெழுத்து இருந்தது.

இந்த விண்ணப்பம் எனக்குப் பொருந்தாது என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடு, இன்றைக்கே அதிகாரியிடம் சான்று வாங்கித் தருகிறேன் என்றார் எழுத்தர். கைதட்டியவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தனர். பெரியப்பாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியேறி, நகரி செல்லும் பேருந்தில் ஏறினேன்.

பெரியப்பா களத்துமேட்டில் குழுவினரோடு அமர்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். எழுத்தர் இதற்கு முன்பே இரு முறை ஆள் அனுப்பி, அந்தப் பையனுக்கு மட்டும் விலக்குக் கடிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார், பெரியப்பா மறுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவும் இல்லை. இது அப்போதுதான் தெரிந்தது.

"எல்ல பாக்கற ஆபீசருங்க அடுத்த வாரம் வர்றாங்க. எழுதனவனே பேர அடிச்சிக்கினான்னு தெரிஞ்சா சிரிப்பானுங்கடா. நட்சத்திரம் எங்க ஓடிப் போவுது? அடுத்த வருசம் பாத்துக்கோ" என்றார் பெரியப்பா.

அது வெடித்துச் சிதறிய விண்மீன், அதன் ஆராய்ச்சி எனக்காகக் காத்திருக்காது என்றேன்.

"வெடிச்சிதான் போச்சே, அப்புறம் இன்னா நைனா அவசரம்?" என்றார் குழுவில் ஒருவர். அனைவரும் சிரித்தனர்.

என் தந்தையும் அங்கே இருந்தார். அண்ணனை மீறி அவர் வாய் திறக்கவில்லை. நான் புதனன்று சித்தூருக்குப் போயிருக்கலாம். வியாழனன்றும் போயிருக்கலாம். எவரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. எழுதியவனே பின்வாங்கினான் என்று ஊர் சொல்லுமே என்று அஞ்சி வீட்டிலேயே கிடந்தேன். வெள்ளிக்கிழமை கழிந்தது. இடம் வேறொருவருக்குப் போயிற்று. தகடுகளும் என் அளவைக் குறிப்பேடும் அவர் மேசைக்குப் போயின. பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதன்பின் என்னோடு அதிகம் பேசவும் இல்லை.

எல்லை பின்னர் முடிவாயிற்று. எந்த ஊரில் எம்மொழியினர் மிகுதி, அவ்வூர் எதனோடு ஒட்டிக் கிடக்கிறது என்றே பார்த்தார்கள். என் ஒரு சான்றிதழ் அந்தத் தராசில் ஒரு தூசும் ஆகியிராது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. பெரியப்பா அதற்குப்பின் தம் பேரன்மாருக்கு அதே அலுவலகத்தில் அதே சான்றை வரிசையில் நின்று வாங்கினார். இதை எண்ணுந்தோறும் என்னையறியாமல் பற்களைக் கடிக்கிறேன்.

இடம் கைநழுவிய அதே ஆண்டு ஆடியில் அந்த எழுத்தரைத் தேடிச் சென்றேன். அலுவலகத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நண்பகல் உணவை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தவறு, பொறுத்தருள வேண்டும் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அத்தன பேரு முன்னால வஞ்சகன்னுட்டு, இங்க மரத்தடியில தனியா வந்து தப்புன்னா எப்படிப்பா? அன்னிக்கி என் பொண்ணும் சோறு எடுத்துக்கினு வந்து அங்கதான் நின்னுக்கினு இருந்தா. சொன்ன எடத்துல வந்து அந்த வார்த்தைய திருப்பி வாங்கிக்கோ. இல்லன்னா நீயே வெச்சிக்கோ."

அவர் உள்ளே போனார். நடைகூடத்து வாயில்வரை நானும் சென்றேன். உள்ளே கூட்டம் இருந்தது. எங்கள் பக்கத்து முகங்கள் சில தெரிந்தன. திரும்பிப் பேருந்து நிலையத்துக்கு நடந்துவிட்டேன்.

பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தேன். விண்மீன் வெடிப்புப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்மீது காரணமின்றி எரிந்து விழுந்திருக்கிறேன். பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை. அவர் என்னைத் தடுத்தார் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டதை அதைவிட மன்னிக்கவில்லை. அந்த எழுத்தர் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவர் மகள் இருக்கக்கூடும், தமிழும் படிக்கக்கூடும். அன்று அந்த நடைகூடத்தில் நின்றவர்களைவிடப் பன்மடங்கு பேர் கண்ணில் படும் இவ்விதழில், அந்த எழுத்தர் கேட்டபடியே, வஞ்சகன் என்னும் அந்தச் சொல்லை நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அது இத்தனை ஆண்டுகளாக என்னுடையதாகவே இருந்திருக்கிறது.