மரத்தடியில் பிரித்த கார்புரேட்டர்

என் மகளுக்கு ஒன்றுமில்லை என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். சாதாரணக் கொழுப்புக் கட்டிதானாம். அவள் அன்று மாலையே சிநேகிதிகளோடு கிளம்பிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை, சோறு இறங்கவில்லை. ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் கார் நினைவுக்கு வந்தது. வந்தது போக மாட்டேன் என்கிறது.

சாந்தோமில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த ஒரே வாத்தியார் அப்பாதான். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன வண்டி; அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. இப்போது அப்படிப்பட்ட வண்டிகளுக்கு மாலை போட்டுக் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் விடுகிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அது வெறும் ஓட்டை வண்டி.

அந்தக் காருக்குள் இன்னொரு கார் பிரித்த நிலையில் பயணம் செய்கிறது என்பாள் அம்மா. டிக்கி நிறைய ஜாக்கி, ஸ்பேனர்கள், புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்த ஃபேன் பெல்ட்டுகள், பிளக்குகள், அம்மாவின் பழைய புடவையில் சுற்றிய ஒரு சக்கர அச்சு. இடம் போதாமல், பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டி. என் முழங்கால் எப்போதும் தாடையை இடித்துக்கொண்டிருக்கும். பாண்டி பஜாரில் துணி எடுத்தால் மடியில் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். ஏதாவது ஒன்றை இறக்கி வையுங்கள் என்று அம்மா கெஞ்சினால், "நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவ?" என்பார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவின் மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்லும் நாளில் அடையாற்று ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் காரில் போனோம். பெரியம்மா வழி முழுக்க ஜெபமாலை உருட்டினாள். அதிசயமாக வண்டி ஒரு தும்மல்கூடப் போடாமல் பாலத்தைத் தாண்டியது.

"எங்கேயோ ஒரு சத்தம் கேக்குது" என்றார் அப்பா. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி நின்றது. "நீங்க வரலையா?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டிகிட்ட யாராவது இருக்கணும்."

"இதத் தூக்கிட்டுப் போறவன் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவான்" என்று சொல்லிவிட்டு, அம்மா பெரியம்மாவோடு உள்ளே போனாள்.

ஒழுங்காக ஓடும் வண்டியில் கை வைப்பவர் அல்ல அப்பா. அன்று பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டரைக் கழற்றினார். செய்தித்தாளை விரித்து உறுப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். பெட்ரோல் பாயும் ஜெட்டை எடுத்து வாயால் ஊதியபோது அது கை நழுவிச் சரளைக்கல்லில் விழுந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. உலகத்து உதிரி உறுப்பெல்லாம் இருந்த வண்டியில் அதற்கு மட்டும் மாற்று இல்லை. அப்பாவும் நானும் மண்டி போட்டுத் தேடினோம்.

அங்கே நின்றிருந்த டாக்ஸிக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், மக்கர் பண்ணிச்சா?"

"இல்ல. நல்லாத்தான் வந்துச்சு."

"நல்லா வந்த வண்டிய எதுக்கு சார் பிரிச்சுப் போட்டுகினு கீறீங்க?"

நான் சிரித்தேன். அப்பா சரளைக்கல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

பெரியம்மா வெளியே வந்தாள். முகம் கறுத்திருந்தது. "தம்பி, டாக்டர் உங்கள வரச் சொல்றாரு. கையெழுத்துப் போடணுமாம்."

"இதோ ரெண்டு நிமிஷம், அக்கா."

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். "அவரு வெளியூர் கிளம்புறாரு தம்பி. இப்ப விட்டா ஆபரேஷன் எப்பன்னு சொல்ல முடியாதுங்கறாரு. மாதாவே, அந்தக் கல்லக் கிண்டுனது போதும், எழுந்திருங்க!"

"இது இல்லாம வண்டி கிளம்பாதுக்கா" என்று அப்பா கல்லைப் பார்த்தே சொன்னார்.

மூன்றாம் முறை அம்மாவே வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எவ்ளோ பெருசு?" என்றாள்.

அப்பா சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். பிறகு, தலை நிமிராமல், "எடுத்துடணுமாம். சீக்கிரம் எடுத்தா பயமில்லையாம்" என்றாள்.

"இங்கதான் விழுந்துச்சு. எங்கயும் போயிருக்காது" என்றார் அப்பா.

பின் டயருக்கு அடியில் அது என் கண்ணில் பட்டது. "கிடைச்சிடுச்சுப்பா!" என்று கத்திக்கொண்டு போய் நீட்டினேன். அப்பா கை நீட்டவில்லை. வேறு யாருடைய வண்டியின் உறுப்பையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். அம்மாதான் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கிரீஸ் படிந்த அவர் கையைப் பிடித்து, "வாங்க" என்று உள்ளே அழைத்துப் போனாள்.

கையெழுத்து அன்றே ஆயிற்று. அம்மா பிழைத்தாள், என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தாள். எல்லாம் பின்னால்.

அன்று நான் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, பிரித்துப் போட்டதையெல்லாம் காவல் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு சபாஷ்கூடச் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு தேடியது கிடைத்ததும் அப்பாவின் முகம் ஏன் அப்படிப் போனது? கல்லில் பட்டு ஜெட் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.