ஒரே ஒரு ரோட்டில் மட்டும் வரும் ஃபால்ட்

என் மச்சான் அய்யனாருக்கு ஊரில் நல்ல பெயர். கெட்ட பெயர் எடுக்கிற அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது என்பதுதான் காரணம் என்று நான் சொல்வேன். என் வீட்டுக்காரி அமராவதி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்குத் தம்பி ஆயிற்றே.

அவன் ஊரான குமராட்சிப் பக்கம் வெள்ளம் வராத வருஷம் குறைவு. அப்படி ஒரு வெள்ளத்தில் முங்கிப்போன பஞ்சாயத்து ரேடியோவைப் பத்தாவது படிக்கும்போது பிரித்துக் காயப்போட்டுப் பாட வைத்தான். அன்றைக்கு ஊர் தட்டிய கைத்தட்டலில்தான் பையன் வயலுக்குப் போகாமல் கெட்டான் என்பது என் மாமனாரின் கட்சி. பிறகு ஐடிஐ, கடலூரில் ஒரு டிவி கடையில் ஆறு வருஷம், கடைசியில் சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தக் கடை. பக்கத்தில் என்னுடைய ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அவன் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. சாமானைக் கொண்டுவந்தவர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். அவர் என்ன சொன்னாரோ அதுதான் கோளாறு. மறுபேச்சு கிடையாது. "டிவியில எல்லாரும் சோகமா தெரியறாங்க" என்று ஒரு கிழவர் சொன்னதற்காக, மூன்று நாள் கலரை ஏற்றி, செய்தி வாசிக்கிற அம்மாளைக் கல்யாணப்பெண் மாதிரி ஆக்கி அனுப்பினான். கிழவருக்குப் பரம திருப்தி. இன்னொரு கர்வமும் இருந்தது. தன் கைக்கு வந்த எந்தச் சாமானும் வந்ததைவிட மோசமாகத் திரும்பிப் போனதில்லை என்பான். இதை வருகிறவர், போகிறவர், வழி கேட்க நின்றவர் எல்லோரிடமும் சொல்லிவிடுவான்.

முப்பத்தாறு வயது வரைக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாது. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம், "உங்க டிவில சவுண்டு லேசா கரகரன்னு வருதே" என்று ஆரம்பித்துவிடுவான். திட்டக்குடியில் ஒரு வீட்டில் பெண் காபித் தட்டோடு வந்து நின்றபோது மாப்பிள்ளை டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். ஏழு வீடு இப்படிப் போச்சு. தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.

2006இல், மழைக்காலம் ஆரம்பித்த சமயம், மலர்க்கொடி டீச்சர் வந்தாள். புவனகிரியில் நர்சரி ஸ்கூல் டீச்சர். முப்பது, முப்பத்தொன்று இருக்கும். நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். கையில் வைத்து ஆடுகிற வீடியோ கேம் ஒன்றை மேசைமேல் வைத்தாள். அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தன் பிள்ளைக்கு வாங்கி வந்ததாம். திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. பிள்ளை இரண்டே நாளில் தூக்கிப் போட, அத்தை எடுத்து ஆட ஆரம்பித்து இரண்டு மாசம்.

"சொல்லுங்க டீச்சர், என்ன கோளாறு?" என்று அய்யனார் கண்ணை மூடினான்.

"சைக்கிள் தானா போவுது."

கண்ணைத் திறந்துவிட்டான். அதற்கு முன்னால் அவன் யாருக்கும் பாதியில் கண்ணைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அவள் ஆடிக் காட்டினாள். நானும் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு குட்டிப் பையன். ஊர் ஊராகச் சுற்றி விதவிதமான பூதங்களைப் பிடிப்பது அவன் பிழைப்பு. குங்குமச்சிமிழ் மாதிரி ஒன்றை வீசினால் பூதம் உள்ளே போய்விடும். அம்மிக்கல்லுக்குக் கண் முளைத்த மாதிரி ஒன்று, தலையில் விளக்கு எரிகிற தவளை ஒன்று, கொம்பில் புகை வருகிற எருமை ஒன்று. எருமைதான் டீச்சரின் செல்லம். சண்டை போடப் போட பலம் கூடும், அதற்கு ஒரு நம்பர் உண்டு. "என் எருமை முப்பத்திநாலு" என்று அவள் சொன்ன விதத்தில், பிள்ளை ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த தாய்க்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

ஒரு ஊருக்கு வெளியே வாசல் மாதிரி ஒரு கட்டடம். சைக்கிள் இல்லாதவனைக் காவல்காரன் உள்ளே விடமாட்டான். தாண்டினால் கடலோரம் நீளமாக ஒரு ரோடு. அதில் பையன் சைக்கிளில் ஏறியதும் டீச்சர் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். சைக்கிள் நிற்கவில்லை. திரையில் கீழ்ப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தில் நின்ற தடிப்பயல் ஒருவன்மேல் மோதுகிற மாதிரி போக, அவன் தன் பூதத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தான்.

"பாத்தீங்களா? நான் ஒண்ணுமே அழுத்தல. மத்த ரோட்டுல எல்லாம் ஒழுங்கா நிக்குது. இந்த ரோட்டுல மட்டுந்தான்."

"அப்ப ரோட்டுலதான் கோளாறு" என்றேன் நான், சும்மா கிண்டலுக்கு.

"மாமா, நீங்க போயி ஜெராக்ஸ் எடுங்க" என்றான் அவன்.

அவனுக்கு வியாதி புரிந்துவிட்டது. டிவி ரிமோட்டில் ரப்பருக்கு அடியில் அழுக்கு சேர்ந்தால் அழுத்தாமலே சவுண்டு ஏறும் இல்லையா, அந்தக் கேஸ்தான் இது, கீழ் பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றான். பிரித்தான், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், மாட்டினான். சைக்கிள் தானாகப் போனது. பட்டனுக்கு அடியில் இருந்த ரப்பரையே மாற்றினான். போனது. கடைசியில் கீழ் பட்டனைக் கழற்றி மேசைமேல் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தான். பட்டனே இல்லாமல் சைக்கிள் ஜாலியாகப் போனது.

மூன்றாம் நாள், அந்தக் கேமின் கேசட்டைப் பிரித்தான். உள்ளே சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு செல் பற்றவைத்திருந்தது. மீட்டரில் பார்த்தால் பவர் கம்மி. "இதான் மாமா வில்லன்" என்று சந்தோஷமாகப் பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைத்தான். ஆன் செய்தான். திரையில் ஒரு வீடு, ஒரு கட்டில், பக்கத்தில் அந்தக் குட்டிப் பையன். சைக்கிள் இல்லை. சிமிழ் இல்லை. தவளை, அம்மி, எருமை எதுவும் இல்லை.

டீச்சர் இரண்டு மாசம் சேர்த்து வைத்தது எல்லாம் அந்தச் செல்லின் தயவில்தான் உள்ளே இருந்திருக்கிறது. அதை எடுத்த நொடியே துடைத்துப் போட்ட மாதிரி போய்விட்டது. அய்யனார் முகம் வெளுத்துவிட்டது. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"மாமா, முதல் தடவையா ஒரு சாமானைக் கெடுத்துட்டேன்."

"சொல்லிடு. விளையாட்டுச் சாமான்தானே?"

"அவுங்க எருமை மாமா. முப்பத்திநாலு" என்றான். அப்புறம் குரல் இறங்கி, "தெரிஞ்சா இந்தக் கடைப் பக்கமே வரமாட்டாங்க" என்றான்.

ஆ, விஷயம் அங்கே இருக்கிறதா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் கடந்த மூன்று நாளும் ஸ்கூல் விட்டதும் நாலரை மணி பஸ்ஸில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தாள். அந்த அரை மணியில் அய்யனார் ஒருநாளும் டார்ச்சைத் தொடவில்லை. ஏழு வீட்டில் நடக்காதது இது.

அன்றைக்கு அவள் வந்தபோது வாழ்க்கையிலேயே முதல் பொய்யைச் சொன்னான். "மெட்ராஸ்லேருந்து ஒரு ஸ்பேர் வரணும் டீச்சர். லேட்டாவும்."

"வரட்டும், அவசரம் இல்ல" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து முதலில் இருந்து ஆட ஆரம்பித்தான். அவளுக்குத் தெரிவதற்குள், அவளிடம் இருந்ததை எல்லாம் திரும்பப் பிடித்து, எருமையை முப்பத்திநாலுக்கு ஏற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி கையில் கொடுத்துவிட வேண்டும். இதுதான் திட்டம். ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "ஆமாம்" எது, "இல்லை" எது என்று தெரியாமல் பிடித்த தவளையை நாலு தடவை விட்டுவிட்டான். கடை திறந்ததிலிருந்து தினமும் அவள் வருகிற நாலரை மணி வரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை. மிக்சிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. அமராவதி கொண்டுவந்த சோற்றை எருமை ஜெயித்தால்தான் தொடுவான். "என் தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்று அவள் என்னிடம் அழுதாள். அவன் ஒரு டீச்சருக்காகப் பூதம் பிடிக்கிறான் என்று நான் எப்படிச் சொல்வது?

நாலு வாரம் கழித்து அந்தக் கடலோர ரோட்டுக்கு வந்து சேர்ந்தான். புது ரப்பர், புது செல், சுத்தமான பட்டன். சைக்கிளில் ஏறினான், விரலை எடுத்தான். பழையபடியே தானாகப் போனது. "சேச்சே" என்று சொல்லி மேசைமேல் தலையை வைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புவனகிரியில் ஒருவருக்குச் சின்ன டிவி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் சைக்கிள் மிதித்தான், நான் கேரியரில் டிவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தான், வேறு கிடையாது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறுகிற வரைக்கும் அவன் மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் என் கனமும் டிவி கனமும் சேர்ந்து தள்ள, சைக்கிள் பறந்தது. அவன் சைக்கிளில் பிரேக் என்று ஒரு கம்பி தொங்கும், அவ்வளவுதான். சமதளத்தில் காலை ஊன்றினால் போதும் என்று பத்து வருஷமாக அதைச் சரி செய்யவில்லை. ஊர்ச் சாமானை எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனின் லட்சணம் இது. நான் கத்தினேன். எந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. ரோட்டோரம் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய்ச் செருகி நின்றோம். டிவி தப்பித்தது. என் முழங்கால் தப்பிக்கவில்லை.

அய்யனார் மணலில் உட்கார்ந்து தன் இரண்டு காலையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நான் பெடலே மிதிக்கல."

"மிதிச்சிருந்தா நேரா சுடுகாட்டுக்குத்தான் போயிருப்போம்."

"அது ஃபால்ட் இல்ல மாமா. எறக்கம்."

அந்தக் கேமைச் செய்தவன் திரையில் எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரிதான் காட்டுகிறான். மேலேயிருந்து பார்த்தால் மேடாவது பள்ளமாவது. இறக்கம் என்று வாசலில் போர்டுகூட வைத்திருப்பான், ஆனால் அது ஜப்பான் எழுத்தில். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து எருமையைச் சாகடித்திருக்கிறான் என் மச்சான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண் கலங்கியிருந்ததால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அடக்கினேன்.

"இப்பவாவது அவுங்ககிட்ட சொல்லு" என்றேன்.

"முப்பத்திநாலு ஆவட்டும் மாமா."

ஆகவில்லை. எருமை முப்பத்தொன்றில் இருந்த ஒரு புதன்கிழமை, ஸ்கூல் அரை நாள் லீவு என்று டீச்சர் மத்தியானமே வந்துவிட்டாள். இவன் ஒளித்து வைக்க நேரமில்லை. அவள் சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கினாள். "ஸ்பேர் வந்துடுச்சா?" என்று கேட்டபடி எருமையைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"என்னுது முப்பத்திநாலு."

அய்யனார் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். செல்லை எடுத்தது, எல்லாம் அழிந்தது, மெட்ராஸ் ஸ்பேர் பொய், நாலு வாரமாகத் தவளை பிடித்தது, ஒன்று விடாமல் சொன்னான். நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டேன். கோயில் பூசாரி மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கடைசியில், "அது கோளாறே இல்ல டீச்சர். அந்த ரோடு எறக்கம். நான் சும்மாவே கெடுத்துட்டேன்" என்றான்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எருமைக்காக நிஜமாகவே அழுதாள், நான் பார்த்தேன்.

"எறக்கம்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பேருந்து?"

"உங்ககிட்ட குடுத்த மறுநாள். அண்ணன் போன்ல சொல்லுச்சு."

"அப்பவே வந்து வாங்கிட்டுப் போயிருக்கலாமே டீச்சர்? எருமையாவது பொழச்சிருக்கும்" என்றான் அய்யனார்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். நான் ஒரு கட்டுத் தாளை எடுத்து எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"வாங்கிட்டுப் போயிட்டா," என்றாள், "அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு தெனம் வர்றது?"

அய்யனாருக்கு இது விளங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள்? நான் தடுப்பில் இரண்டு தரம் தட்ட வேண்டியிருந்தது. விளங்கியதும் காது இரண்டும் சிவந்து, ஸ்டூலைத் துடைத்து, அவளை உட்காரச் சொல்லி, தானும் அதிலேயே உட்காரப் போனான்.

அவள் உட்காரவில்லை. கேமை அவன் மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"எருமை விஷயத்துல எனக்குக் கோவம் கோவந்தான். முதல்ல முப்பத்திநாலு ஆவட்டும். ஆனதும் உங்க அக்காவையும் மாமாவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

ஒன்பது நாளில் ஆக்கினான். தை மாசம் புவனகிரியில் கல்யாணம். பெண் வீட்டு டிவியில் படம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.