கையைக் கழுவிட்டீங்களா, டாக்டர்?

என் வீட்டுக்காரருக்குக் கடலூர்ப் பக்கம் குடிகாடு கிராமத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. ஹெல்மெட் இல்லாமல், கிளவுஸ் இல்லாமல் யாராவது கேட்டைத் தாண்டினால் மனுஷன் போடுகிற சத்தம் கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் வெறுங்காலோடு கொல்லைப்பக்கம் போய், முள் குத்தியதை என்னிடம் மறைத்து, சர்க்கரை வியாதி அதைப் பெரிய புண்ணாக்கி, கடைசியில் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கிருமி சேர்ந்தால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பாதத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

வார்டு நர்ஸ் என் போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். நோயாளிகளுக்கான பாதுகாப்புப் பாடம். கட்டிலிலிருந்து எப்படி இறங்குவது, மாத்திரையை வாங்கும் முன் என்ன கேட்பது என்று குட்டிக் குட்டியாக வீடியோக்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல ஒரு பெண்குரல். "காயத்தைத் தொட வருபவர் யாராக இருந்தாலும், கைகளைக் கழுவிவிட்டீர்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை." பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி வரும். சரியாகப் பதில் சொன்னால் போன் கைதட்டும். இவர் எல்லாக் கேள்விக்கும் கைதட்டல் வாங்கிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் கட்டுப் பிரிக்க வந்தபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் கேக்கல? உரிமைன்னு சொல்லுதுல்ல?"

"உரிமைதான். கத்தி அவுரு கையிலதானே இருக்குது?"

இவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துபோனது. மறுநாள் டாக்டர் கட்டிலருகே வரும்போது போனில் சத்தத்தை முழுசாக வைத்து, வீடியோவில் அந்தக் கேள்வி வரும் இடத்தைத் தட்டிவிட்டேன். "கைகளைக் கழுவிவிட்டீர்களா?" என்று வார்டே அதிர்ந்தது.

"ஐயோ சார், தானா ஓடிடுச்சு" என்று பதறினேன். நன்றாகவே பதறினேன், எனக்கே ஆச்சரியம்.

டாக்டர் நேரே குழாயடிக்குப் போனார். அடுத்த நாள் கதவிலேயே ஈரக்கையைத் தூக்கிக் காட்டி, "கழுவிட்டேம்மா, போன்ல இருக்கற அந்தம்மாவைப் பேசாம இருக்கச் சொல்லுங்க" என்றார். அதற்குள் வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. எதிர்க் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த லால்பேட்டைப் பெண்ணிடம் பட்டன் போன்தான். தன் மாமியாருக்குக் கட்டுப் பிரிக்கும் நேரம் வந்தால் என் போனை இரவல் கேட்பாள். டாக்டரைக் கேட்க யாருக்கும் வாய் இல்லை. போனுக்கு இருந்தது.

இவருக்கு டாக்டரைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையில் இருக்கிற அவருடைய அக்கா. அம்மா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். அவர் பேச்சுக்கு இவர் மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு என்னைப் பிடித்ததுகூட அக்காவுக்குத்தான், இவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

அந்த அக்கா ஒரு காலையில் பஸ்ஸை விட்டிறங்கி, நேரே நடராஜரைக் கும்பிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு வார்டுக்குள் வந்தார். நர்ஸ் கட்டைப் பிரித்து வைத்துவிட்டுப் பஞ்சு எடுக்கப் போயிருந்தாள். புண் திறந்து கிடந்தது. அக்கா அதைப் பார்த்து, "ஐயோ, எங்கண்ணு" என்று அழுதுகொண்டே விபூதியை விரல் நிறைய எடுத்துப் புண்ணை நோக்கிக் குனிந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. போன் எதிர்க் கட்டிலில். நான் தடுத்தால் சாமி விபூதியைத் தட்டிவிட்டவள் என்ற பேர் என் பேத்திகள் காலம் வரைக்கும் ஓடும். தடுக்காவிட்டால் பாதம். பேர் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொரு குரல் கேட்டது.

"நில்லுக்கா."

இவர்தான். கம்பெனி கேட்டில் போடும் சத்தம் இல்லை, குரல் நடுங்கியது. "போய் கையக் கழுவிட்டு வா. விபூதிய நெத்தியில வையி, புண்ணுல வேணாம். எனக்குக் காலு வேணும்க்கா."

அந்த மனுஷன் பயந்துபோயிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா விபூதிப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். திரும்பி வந்து தம்பியின் நெற்றியில் விபூதியைப் பூசி, கன்னத்தை ஒருமுறை தடவினார். பிறகு, காலையில் சாப்பிட்ட இட்லிப் பொட்டலத்தை அப்போதுதான் மடித்துப் போட்ட என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ கழுவுனியா?"

நான் எழுந்து குழாயடிக்குப் போனேன்.