லிவர் என்று சொல்லாமல் இருந்தேன்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடியும் முன் ரயிலேறி, பெங்களூரில் வேலை முடித்து இருட்டியபின் வீடு திரும்புகிறவன் நான். தீராத அசதிக்குப் பரிசோதித்தபோது, கல்லீரலில் கொழுப்பு, வைட்டமின் டி குறைவு என்றார் டாக்டர்.

"குடிக்காத மனுசனுக்கு லிவர்னா யாரு நம்புவாங்க? வெயில் பத்தலன்னே சொல்லுங்க," என்றாள் மனைவி.

சுரங்கத் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் லிவர் என்றாலே சாராயம்தான். கேட்டவர்களிடம் வெயில் பத்தவில்லை என்றே சொன்னேன், சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன். வைட்டமின் மாத்திரை மட்டும் போட்டேன். ரயிலில் போண்டாவை விடவில்லை.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு கூடியிருந்தது.

"ரெண்டும் நிறைய பேருக்குச் சேர்ந்தே இருக்கும். ஆனா அந்த மாத்திரை கொழுப்பைக் கரைக்காது," என்றார் டாக்டர். என் பொய்யில் நானே ஏமாந்தது அப்போதுதான் உறைத்தது.

இப்போது ஒரு ஸ்டேஷன் முன்பே இறங்கி நடக்கிறேன். யாராவது போண்டா நீட்டினால், "லிவர்ல கொழுப்பு, வேணாம்பா," என்கிறேன். நேற்று பக்கத்து சீட்காரர் மெல்லக் குனிந்து என் வாயருகே மோந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.