மூன்று மீட்டர் தள்ளி வந்த முனியாண்டி

என் அக்கா கிருஷ்ணம்மாவைக் கட்டிக்கொண்டவர் ஜெயபாலன். மலேசியாவில், பெக்கான் நானாஸில் அன்னாசிப்பழ லாரி ஓட்டுகிறவர். அதே லாரியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பழம் ஏற்றி இறக்கி, அவர் திட்டும்போதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான், விஜயன். இங்கே இந்த வேலைக்குக் கெலிண்டான் என்று பெயர். ஆகவே என் மச்சானைப் பற்றிச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ளவன் எவனும் கிடையாது.

மச்சான் சிகரெட் குடிப்பார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சிகரெட்டுக்கு நடுவில் அவ்வப்போது மூச்சும் விடுவார். பல் தேய்க்கும் முன் ஒன்று, தேய்த்த பின் ஒன்று. லாரிக் கண்ணாடியைத் திறந்தால் கிளம்புகிற புகையைப் பார்த்து, வண்டி பற்றி எரிகிறது என்று பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்ததுகூட உண்டு. அக்கா திட்டினால், "எல்லாருக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கும் லா, எனக்கு இது, உனக்கு வாய்" என்பார். அதற்கு அவள் கொடுக்கும் பதிலை எழுத முடியாது.

அப்படி ஊதிக்கொண்டிருந்தவருக்கு இடது கால் சுண்டுவிரல் கறுத்துப் போனது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். அந்த டாக்டர் பெண் சின்ன வயதுதான். கத்தவில்லை, பயமுறுத்தவில்லை, மலாயில் நிதானமாகச் சொன்னார்: காலுக்குப் போகிற ரத்தக் குழாய் புகையால் சுருங்கிவிட்டது, இனியும் புகைத்தால் அடுத்தது விரல் இல்லை, முட்டிக்குக் கீழே மொத்தமும். இடது கால் கிளட்ச் மிதிக்கிற கால். மச்சானுக்கு லாரியைத் தவிர வேறு வேலை தெரியாது. எனக்கு மச்சானைத் தவிர வேறு வேலை தெரியாது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவர் சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

பக்கத்து கிளினிக்கில் சிகரெட்டை விட உதவி செய்கிறார்கள். அங்கே ஒரு மலாய் மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், மச்சானை உட்காரவைத்து விளக்கினார். முதல் சில வாரம் கை நடுங்கும், வேர்க்கும், காரணம் இல்லாமல் கோபம் வரும், தூக்கம் வராது. ஆசை வந்தால் தண்ணீர் குடிங்க, எழுந்து நடங்க, வாயில் எதையாவது போட்டு மெல்லுங்க, கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் அதுவே போய்விடும் என்றார்.

மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நடுக்கம், வேர்வை, கோபம். இதெல்லாம் எனக்கு வருஷா வருஷம் வர்றதுதானடா. இதுக்கா இந்த மிஸ்ஸி இவ்வளவு நேரம் பேசுச்சு?"

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மச்சான் சாமியாடி. பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் எங்கள் முனியாண்டி கோயில் இருக்கிறது. தோட்டத்து ஜனம் எல்லாம் டவுனுக்குக் குடி வந்துவிட்டது, சாமி மட்டும் வர மறுத்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு முறை, படையல் அன்று மத்தியானம், உறுமி அடித்தால் மச்சான் மேல் முனியாண்டி இறங்குவார். கையில் அரிவாள், வாயில் சுருட்டு. புகையை விட்டுக்கொண்டே வாக்குச் சொல்வார். வருஷம் பூரா மச்சானை நாய் மாதிரி விரட்டுகிற லாரி முதலாளி, எங்கள் தவுக்கேகூட அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்க.

சிகரெட்டை விட்ட முதல் சில நாள் மச்சான் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்க்க இரண்டு கண் போதாது. அசாம்போய் என்கிற உப்புப் புளிப்புப் பழ வற்றலைப் பாக்கெட் பாக்கெட்டாக வாயில் போட்டு நாக்கு வெடித்துவிட்டது. மிஸ்ஸி கொடுத்த சூயிங்கத்தை வெற்றிலை மாதிரி மென்று விக்கல் எடுத்தது. டிவி ரிமோட்டை உடைத்தார். பக்கத்து வீட்டுச் சேவலோடு சண்டை போட்டார். அந்த வலது கைதான் பாவம். அதற்கு என்ன செய்வதென்றே தெரியாமல் சட்டைப் பைக்குப் போகும், காலியாகத் திரும்பும், மறுபடி போகும்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அக்கா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சோபாவில் சாமி வந்துவிட்டது.

உறுமி இல்லை, கற்பூரம் இல்லை. மச்சான் உடம்பெல்லாம் உதறி, கண்ணைச் செருகி, "ஏய்... சுருட்டு கொண்டாடா!" என்று போட்ட போட்டில் அக்கா அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சாமி கேட்டு இல்லை என்று சொல்ல நான் யார்? சுருட்டு வந்தது. முனியாண்டி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து கடைசிவரை இழுத்தார், மீதி சீரியலையும் பார்த்தார், பிறகு மலையேறினார். வாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி. இத்தனை வருஷமாக ஆடு, சேவல், கள்ளு, கருவாடு என்று பெரிய பட்டியல் போடுகிற சாமி, இப்போது எதுவும் கேட்பதில்லை. சுருட்டு மட்டும் போதும் என்கிறார். அக்கா முகம் மாற ஆரம்பித்தது.

மச்சான் லாரிக்குத் திரும்பிய வாரம் கிபாயத்துல்லா பாயின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசைக்காரன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சட்டப்படி கடையை விட்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்று மெந்தால் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தான். காற்று இந்தப் பக்கம் அடித்தது. மச்சானுக்குக் கை உதறியது. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை. எழுந்தார், உறுமினார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார், அந்த மூன்று மீட்டருக்குப் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டினார், அங்கே நின்று ஆட ஆரம்பித்தார்.

"சுருட்டு கொண்டாடா!"

"சுருட்டு இல்லையே சாமி" என்றேன்.

சாமி ஒரு கண்ணைத் திறந்து அந்த ஆளைப் பார்த்தது. "சிகரெட்டும் பரவால்ல."

கிபாயத்துல்லா பாய் கல்லாவில் இருந்து எழுந்து வந்து என் காதருகில் சொன்னார்: "விஜயன், நான் உங்க சாமிய ஒண்ணும் தப்பா சொல்லல. ஆனா சம்மனுக்குப் பயந்து கோட்டத் தாண்டிப் போயி எறங்குற சாமிய நான் இப்பத்தான் பாக்குறேன்."

எனக்கு மானம் போனது. லாரியில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், யார ஏமாத்துறீங்க? முனியாண்டிக்கு மெந்தால் சிகரெட்டா?"

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி முழித்தார். "சத்தியமா நான் நடிக்கலடா. உள்ள யாரோ உக்காந்து கேக்குறாங்க. ஒடம்பு நடுங்குது, வேர்க்குது, கண்ணு இருட்டுது. திருவிழாவுல வர்ற மாதிரியேதான்டா வருது. எது சாமி, எது சிகரெட்டுன்னு எனக்கே தெரியல."

அதைக் கேட்டதும் என் கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. கள்ளன் என்றால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இந்த மனுஷன் உண்மையிலேயே நம்புகிறார். நம்பிக்கொண்டே காலை இழந்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மாதமே படையல். நான் கோயில் தலைவர் லெட்சுமணன் அண்ணனிடம் போய், இந்த வருஷம் சுருட்டு மட்டும் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் இந்தியாவிலிருந்து ஸ்பெஷலாக வரவழைத்த சுருட்டுப் பெட்டியைக் காட்டினார். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன்.

"தம்பி, சாமிக்குக் கெடையாதுன்னு சொல்ல நம்ம யாரு? குடிக்கிறது சாமி. உன் மச்சானுக்கு ஒண்ணும் ஆகாது."

"விரல் போனது யாருக்குண்ணே? சாமிக்கா?"

"வாய அளந்து பேசு" என்றார். பேச்சு அங்கே முடிந்தது.

வீட்டில் சொன்னேன். படையலுக்குப் போகக்கூடாது என்று அக்கா மச்சானிடம் குதிப்பாள் என எதிர்பார்த்தேன். அவள் அவர் கால் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அவள்தான் கழுவுவாள், துடைப்பாள், கட்டுவாள். விரல் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, "போகட்டும், நானும் வரேன்" என்றாள்.

மச்சான் தலை குனிந்து, "அன்னைக்கி அவரு கேட்டா நான் என்ன பண்ண முடியும் புள்ள" என்றார். அவள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

படையல் அன்று நல்ல வெயில். கூட்டம் செம்பனை மரத்தடி வரை நின்றது. உறுமி ஆரம்பித்தது. மச்சான் கருப்பு வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார், கண்ணை மூடினார், தோள் துடித்தது. ஒரே அலறல். பொம்பளைகள் குலவை போட்டார்கள். சோபாவில் வந்த சாமி இல்லை இது, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இல்லை, அதே சாமிதானோ என்னவோ, எனக்கு எங்கே தெரியும்? லெட்சுமணன் அண்ணன் சுருட்டைப் பற்றவைத்துப் பணிவாக நீட்டினார். முனியாண்டி வாங்கினார். இடது கையில் சுருட்டு புகைந்தது, வலது கையில் அரிவாள். சுருட்டு இன்னும் வாய்க்குப் போகவில்லை. நான் மனசுக்குள் கெட்ட வார்த்தையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வாக்குக் கேட்கிற வரிசையில் முதல் ஆளாக அக்கா நின்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஒரு முறைகூட அந்த வரிசையில் நின்றதில்லை. ஏன் என்று கேட்டால், காலையில் ஜட்டி எங்கே என்று கேட்கிற ஆளிடம் போய் மத்தியானம் நான் வாக்குக் கேட்கணுமா என்பாள். அன்றைக்கு நேராகப் போனாள். குனிந்து, துணி சுற்றிய அந்த இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சாமி உறுமியது. "என்ன வேணும் மகளே? கேளு."

"இந்தக் காலு" என்றாள் அக்கா. "இந்தக் காலு எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேணாம். குடுப்பியா, மாட்டியா? இப்பவே சொல்லு."

உறுமிக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாமி சுருட்டைப் பார்த்தது. கை நடுங்கியது. வேர்வை மூக்கு நுனியில் இருந்து சொட்டியது. அக்கா நிமிர்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. லெட்சுமணன் அண்ணன், "சாமி, சுருட்டு அணைஞ்சிரப் போகுது" என்றார்.

முனியாண்டி காலை விடுவித்துக்கொண்டு திரும்பி நடந்தார். கல் சிலையிடம் போய் அதன் காலடியில் சுருட்டை வைத்தார். அது அங்கே தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

"குடுக்கறேன், கிச்சி" என்றார்.

கூட்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. முனியாண்டி எங்களைப் பரம்பரையாக மகனே, மகளே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கிச்சி என்பது எங்கள் வீட்டு அடுப்படியில், குழம்பு நன்றாக இருக்கிற நாளில் மட்டும் மச்சான் அக்காவைக் கூப்பிடுகிற பெயர்.

அக்கா மறுபடி காலைப் பிடித்துக்கொண்டாள். "நெஜமாவா?"

கையில் அரிவாளோடு, நெற்றி நிறைய விபூதியோடு, மாலை போட்டுக்கொண்டு நின்ற முனியாண்டி சொன்னார்:

"சாமி சத்தியமா."

கூட்டத்தில் எவனுக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அக்காதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் காலைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள்.